பென் டேப்லெட்: 16,384 பிரஷர் லெவல் யாருக்கு?

கேள்வி: "புதிதாக வரும் பென் டேப்லெட்களில் 16,384 பிரஷர் லெவல் என்று போடுகிறார்கள். என்னிடம் இருப்பது 2,048. மாற்றினால் கோடு நன்றாக வருமா அண்ணா? ஏஐ வந்துவிட்ட பிறகு பேனா வாங்குவதே தண்டம் என்று கூட வேலை செய்கிறவன் வேறு சொல்கிறான்."

4 ஜனவரி 2025, காலை

வராது.

கொஞ்சம் விளக்கமாக. பென் டேப்லெட் என்பது கம்ப்யூட்டரோடு இணைத்துப் பேனாவால் வரையும் பலகை. பேனாவின் அழுத்தத்தை அது எத்தனை படிகளாகப் பிரித்து அறிகிறது என்பதுதான் பிரஷர் லெவல். 1998இல் ஜப்பானின் வாக்கம் நிறுவனத்தின் முதல் இன்டுவோஸ் டேப்லெட் 1,024 லெவலோடு வந்தது. 2009இல் இன்டுவோஸ் 4, 2,048. 2017 வாக்கில் 8,192. 2023இல் எக்ஸ்பி-பென் என்ற போட்டிக் கம்பெனி 16,384 என்று அறிவித்தது. ஒரு பிட் கூட்டினால் எண் இரட்டிக்கும், அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சடிக்கலாம். நீங்கள் 30 பிக்சல் தடிமன் உள்ள பிரஷ்ஷில் வரைகிறீர்கள் என்றால், 1,024 லெவலிலேயே ஒவ்வொரு பிக்சலுக்கும் முப்பதுக்கு மேல் படிகள் கிடைத்துவிடுகின்றன. அதற்கு மேல் உங்கள் கையும் பிரிக்காது, கண்ணும் பார்க்காது.

இன்னொன்று. விண்டோஸ் இங்க், அதாவது பேனாவுக்கென்று விண்டோஸிலேயே உள்ள ஏற்பாடு, வழியாக வரும் பிரஷர் எண்ணை விண்டோஸே 0 முதல் 1,024க்குள் சுருக்கித்தான் மென்பொருளுக்குக் கொடுக்கிறது. 16,384 வாங்கி, டிரைவரில் விண்டோஸ் இங்க் டிக் போட்டு வைத்திருந்தால் 1998இன் எண்ணோடுதான் வரைந்துகொண்டிருக்கிறீர்கள். பழைய வின்டேப் வழியில் போனால் முழு எண்ணும் வரும். அப்போதும் வித்தியாசம் தெரியாது என்பது வேறு கதை.

4 ஜனவரி, இரவு

"அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் பார்ப்பது இவை, முக்கியத்துவ வரிசையில்:

பேனாவை எவ்வளவு மெதுவாக வைத்தால் கோடு தொடங்குகிறது. பூ விழுகிற மாதிரி வைக்கும்போதே கோடு எழ வேண்டும். ஓர் அழுத்து அழுத்தினால்தான் மை வரும் என்றால், ஒரு நாள் வேலையில் மணிக்கட்டு வீங்கிவிடும். லெவல் எண்ணை விட இது பல மடங்கு பெரிய விஷயம். பெட்டியில் அரிதாகத்தான் போடுவார்கள்.

அடுத்தது நடுக்கம். ஸ்கேலை வைத்து மிக மெதுவாகச் சாய்கோடு இழுங்கள். நேராக வந்தால் சரி. புழு நெளிகிற மாதிரி வந்தால் அந்தப் பேனாவின் பிறவிக் குணம் அது.

மூன்றாவது லேக். கை போன பிறகு கோடு எவ்வளவு பின்னால் வருகிறது என்பது.

ஒரு எச்சரிக்கை. நடுக்கத்துக்கு எப்போதும் டேப்லெட்டைத் திட்டாதீர்கள். என் வீட்டில் கோடு நடுங்கி, நிப் மாற்றி, டிரைவர் மாற்றி, கடைசியில் பார்த்தால் லேப்டாப் சார்ஜரின் மூன்றாவது பின்னுக்கு எர்த்தே இல்லை. பழைய வீடு, பிளக்கில் துளை இருக்கிறது, பின்னால் ஒயர் இல்லை. லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் மெல்லிய சுரீர் இருந்தால் உங்களுக்கும் அதேதான். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கோடு நேரானால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், டேப்லெட் கடைக்குப் போகாதீர்கள்.

6 ஜனவரி

ஒருவர், "இதெல்லாம் ஜப்பான்காரன் எண்பதுகளில் கண்டுபிடித்தது" என்று முடித்துவிட்டார். அவ்வளவு எளிதாக விட முடியாது.

1888இல் அமெரிக்காவில் எலிஷா கிரே டெலாட்டோகிராஃப் என்ற கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். இந்த ஊரில் ஒருவர் பேனாவால் எழுதினால், பேனாவின் அசைவு மின்னோட்டமாக மாறிக் கம்பியில் போய், அந்த ஊரில் இன்னொரு பேனா அதே கையெழுத்தில் எழுதும். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் காட்டினார்கள். பிறகு வங்கிகளிலும் ரயில் நிலையங்களிலும் உண்மையாகவே வேலைக்கு இருந்தது. கிரே யார் என்றால், 1876இல் கிரகாம் பெல் தொலைபேசிக்கு விண்ணப்பித்த அதே நாளில் தானும் அதே அலுவலகத்தில் தாள் கொடுத்துவிட்டுத் தோற்றவர். அந்தக் கோபத்தில் பேனாவைப் பிடித்தாரோ என்னவோ.

கம்ப்யூட்டர் காலத்துக்கு வந்தால், முதலில் லைட் பென். பெயரைப் பார்த்து அது ஒளி வீசும் என்று நினைப்பவர்கள் அதிகம். அது வீசாது, பார்க்கும். திரையில் ஒரு புள்ளி ஒளிரும் கணத்தைப் பேனா முனையில் உள்ள உணரி பிடிக்கும்; எந்தப் புள்ளியை அப்போது வரைந்துகொண்டிருந்தோம் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும், ஆகவே பேனா அங்கே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் இருட்டான இடத்தில் பேனா குருடு. 1963இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கூடத்தில் ஐவன் சதர்லேண்ட், ஸ்கெட்ச்பேட் என்ற வரைபட மென்பொருள் ஆய்வில் இதற்கு ஒரு வழி செய்தார். பேனாவுக்கு அடியில் எப்போதும் ஒரு சிலுவைக் குறி ஒளிர்ந்துகொண்டே பின்தொடரும். கோட்டை முடிக்க வேண்டுமா? பேனாவைச் சட்டென்று சுண்டி இழுத்துவிட வேண்டும். குறியால் துரத்த முடியாது, கோடு அங்கே நின்றுவிடும். ஒரு குறையையே கட்டளையாக்கிவிட்டார் மனுஷன். எனக்கு இந்த முழு வரலாற்றிலும் பிடித்த இடம் இது.

ஆனால் லைட் பென்னைச் செங்குத்தான திரையில் பிடித்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. தோள்பட்டை கழன்றுவிடும். 1964இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் பலகையைத் திரையிலிருந்து பிரித்து மேசையில் படுக்கப் போட்டது. பத்து அங்குலச் சதுரம், அங்குலத்துக்கு நூறு கோடு, மொத்தம் பத்து லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள். செப்புக் கோடுகளில் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு துடிப்பு வரிசை அனுப்புவார்கள், பேனா முனை அதைக் கேட்டு இடத்தைச் சொல்லும். விற்பனைக்கு வந்தபோது விலை 18,000 டாலர். இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கும் பென் டேப்லெட்டின் நேர் மூதாதை இதுதான். கை இங்கே, கண் அங்கே என்ற ஏற்பாடும் அன்று தொடங்கியதுதான்.

6 ஜனவரி, சற்று பிறகு

கை இங்கே, கண் அங்கே பழகுமா என்று பயப்படுகிறவர்களுக்கு: பழகும். மவுஸ் பழகியவருக்கு நிச்சயம் பழகும். ஆனால் டிரைவரில் ஒன்றை மட்டும் சரிபாருங்கள். டேப்லெட்டின் அகல உயர விகிதமும் திரையின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் வட்டம் போட்டால் திரையில் முட்டை வரும். "எனக்கு வரைய வரவில்லை" என்று என்னிடம் புலம்பியவர்களில் பாதிப் பேருக்கு வந்த வியாதி இதுதான். 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக அவசரமாக டேப்லெட் வாங்கிய கணக்கு வாத்தியார்கள் பலர் இன்னும் முட்டைதான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

9 ஜனவரி

பேட்டரி இல்லாத பேனா எப்படி வேலை செய்கிறது என்று கேட்ட தம்பிக்கு.

வாக்கம் 1983இல் சைதாமாவில் தொடங்கப்பட்டது, அடுத்த ஆண்டே ஒயர் இல்லாத பேனாவைக் கொண்டுவந்தது. பலகைக்குள் செப்புக் கம்பிச் சுற்றுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒரு சுற்று சில மைக்ரோ வினாடிகள் மின்காந்த அலை அனுப்பும், பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்கும். பேனாவுக்குள் ஒரு காயிலும் ஒரு கெபாசிட்டரும் இருக்கின்றன. அலை பட்டதும் அந்த ஜோடி தன் அதிர்வெண்ணில் அதிரும், பலகை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த எதிரொலி எந்தச் சுற்றில் பலமாகக் கேட்கிறதோ பேனா அதன் மேல் இருக்கிறது. பக்கத்துச் சுற்றுகளில் எவ்வளவு கேட்கிறது என்பதை வைத்து நடுவிடத்தையும் கணக்கிடலாம். நிப்பை அழுத்தினால் உள்ளே மின் அளவு மாறும், அதிர்வு லேசாக விலகும். அந்த விலகல்தான் பிரஷர். பெயர் மின்காந்த ஒத்ததிர்வு, சுருக்கமாக இஎம்ஆர்.

பல காலம் இந்தக் காப்புரிமைகள்தான் வாக்கத்தின் கோட்டைச் சுவர். மற்ற கம்பெனிப் பேனாக்களில் ஒரு ஏஏஏ பேட்டரி போட வேண்டும், கனமாக இருக்கும், வேலை நடுவில் செத்துப்போகும். காப்புரிமைக் காலம் தீரத் தீர சீனாவின் ஷென்சென் நகரக் கம்பெனிகளும் பேட்டரி இல்லாத பேனாவுக்கு மாறினார்கள். விலை இறங்கியது அதன் பிறகுதான். கலைக்கல்லூரிப் பிள்ளைகள் சொந்தமாக வாங்கும் நிலை வந்ததற்கு எந்தப் புதுக் கண்டுபிடிப்பையும் விட இந்தக் காலாவதிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

13 ஜனவரி

போகி. பழைய சாமான் ஒழிக்கும் நாள் என்பதால் இது. நான் முதலில் தொட்ட பலகை ஓவியத்துக்கானது இல்லை. கோயம்புத்தூரில் ஒரு டிராயிங் ஆபீசில் ஆட்டோகேடு என்ற வரைபட மென்பொருளுக்கு வைத்திருந்த டிஜிடைசர். பேனாவுக்குப் பதில், கண்ணாடியில் குறுக்குக் கோடு போட்ட, மவுஸ் மாதிரி ஒன்று. பம்ப் வார்ப்பட வரைபடத்தைப் பலகை மேல் ஒட்டி, ஒவ்வொரு மூலையாகப் போய் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிரஷர் என்ற பேச்சே கிடையாது. ஆனால் துல்லியம் இன்றைய பலகைகளுக்குச் சளைத்ததில்லை. அதனால்தான் துல்லிய எண்களைப் பார்த்தால் எனக்கு எந்தச் சிலிர்ப்பும் வருவதில்லை. அந்தப் பிரச்சினை எப்போதோ தீர்ந்துவிட்டது.

அதற்கும் முன்னால், எழுபதுகளில், சத்தத்தை வைத்து இயங்கிய பேனா ஒன்று இருந்தது. முனையில் தீப்பொறி தட்டும், அந்தச் சத்தம் பலகையின் ஓரங்களில் உள்ள மைக்குகளுக்கு வந்து சேரும் நேரத்தை வைத்து இடம் கண்டுபிடிப்பார்கள். கேஸ் லைட்டரைத் தட்டிக்கொண்டே படம் வரைவதை நினைத்துப் பாருங்கள்.

தொலைக்காட்சிக்காரர்களுக்கு 1981இல் இங்கிலாந்தின் குவான்டெல் கம்பெனி பெயின்ட்பாக்ஸ் என்ற ஓவியக் கம்ப்யூட்டரைக் கொடுத்தது. பிரஷர் உணரும் பேனாவோடு வந்தது, வீட்டு விலை சொன்னார்கள். பிறகு ஃபோட்டோஷாப் வளர்ந்ததும் "எங்கள் காப்புரிமையை மீறிவிட்டாய்" என்று அதைச் செய்த அடோபி கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். 1997இல் தோற்றார்கள். காரணம், 1973இலேயே ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் சூப்பர்பெயின்ட் என்று இதையெல்லாம் செய்து வைத்திருந்தார். அந்த வழக்கு மறுபக்கம் சாய்ந்திருந்தால் நாம் இன்று எதில் வரைந்துகொண்டிருப்போமோ.

13 ஜனவரி, இரவு

ஆமாம், வழக்குக் கதை தலைப்பை விட்டு விலகிவிட்டதுதான். போகட்டும்.

19 ஜனவரி

கையெழுத்தை எழுத்தாக மாற்றுவது பற்றி ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அவர் தமிழில் கையால் எழுதி அனுப்புகிறவர்.

இந்தத் தொழிலில் அதிகம் அவமானப்பட்ட பகுதி இது. 1993இல் ஆப்பிள் கம்பெனியின் நியூட்டன் என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் வந்தது, எழுதியதை வேறு எதையோ படித்தது, நாடே சிரித்தது. பின்னாள் பதிப்புகளில் நன்றாகவே படித்தது, ஆனால் சிரித்தவர்கள் திரும்பி வந்து பார்க்கவில்லை. 1998இல் மூடினார்கள். 1996இல் வந்த பாம் பைலட் என்ற இன்னொரு கையடக்கக் கருவி எதிர்வழியில் போனது. கிராஃபிட்டி என்று ஒரு சுருக்கெழுத்து வைத்து, ஒவ்வோர் எழுத்தையும் கை எடுக்காமல் ஒரே இழுப்பில் இப்படித்தான் எழுத வேண்டும் என்று மனிதருக்குப் பாடம் நடத்தியது. ஆச்சரியம், ஜனங்கள் படித்துக்கொண்டார்கள்.

தமிழுக்கு வேறு தொல்லை. நம்மில் பலர் ஒரு சொல்லை முழுக்க எழுதிவிட்டு, பிறகு கை பின்னால் போய்ப் புள்ளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு வருவோம். இயந்திரமோ பேனா வந்த வரிசையில் படிக்கிறது. நாலு எழுத்துக்கு முன்னால் போன மெய்க்கு இப்போது வந்த புள்ளியை முடிச்சுப்போட வேண்டும். கொ எழுதும்போது கொம்பு முதலில், க நடுவில், கால் கடைசியில். ஒரே எழுத்துக்கு மூன்று தனி வடிவம். ஆனால் கு, கூ, கி எல்லாம் ஒட்டிப் பிறந்தவை, பிரிக்க முடியாது. பெங்களூரில் இருந்த எச்பி ஆய்வகம் தமிழ்க் கையெழுத்துத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டபோது, இப்படிப் பிரித்தும் சேர்த்தும் 156 வடிவங்களாகக் கணக்கு வைத்தது. பெங்களூரிலும் நம்ம சேலத்திலும் பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை டேப்லெட் பிசியில் எழுதிக்கொடுத்தது அது. 2006இல் அதை வைத்துப் போட்டியே நடந்தது. இன்று உங்கள் போன் கீபோர்டில் விரலால் தமிழ் எழுதினால் படிக்கிறதே, அதற்கு முன்னால் இந்த மாதிரி ஓசைப்படாத வேலைகள் நிறைய இருக்கின்றன.

அம்மாவுக்கு என் யோசனை: புள்ளியை அப்போதைக்கப்போது வைத்துப் பாருங்கள். பிழை பாதியாகும்.

20 ஜனவரி

"எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பின்னால் போய்ப் புள்ளி வைப்பதில்லை" என்று ஒருவர். சரி, நல்ல பள்ளிக்கூடம்.

2 பிப்ரவரி

ஜனவரி 4ஆம் தேதி இரவு போட்ட வரிசையை யோசித்துக்கொண்டிருந்தேன். பென் டிஸ்ப்ளே வாங்குகிறவர்களுக்கு, அதாவது திரை மேலேயே வரைகிறவர்களுக்கு, லேக்கைத்தான் முதலில் வைக்க வேண்டும்.

கணக்குப் போட்டால் தெரியும். வேகமாகக் கை வீசும்போது வினாடிக்கு 30 செ.மீ. போகிறது என்று வையுங்கள். 50 மில்லி வினாடி லேக் என்றால் பேனா முனைக்கு ஒன்றரை செ.மீ. பின்னால் கோடு வருகிறது. கையும் கோடும் தனித்தனி இடத்தில் இருக்கும் சாதாரண டேப்லெட்டில் இது அவ்வளவாக உறுத்தாது, ஒப்பிட அருகில் நிப் இல்லை. திரை மேலேயே வரையும்போது நிப்புக்கும் கோட்டு முனைக்கும் இடையே ஒரு ரப்பர் இழுபடுவது கண்ணெதிரே தெரியும்.

ஐபேடில் வரையும் ஆப்பிள் பென்சில் பேனாவுக்கு 20 மில்லி வினாடி என்று சொன்னார்கள், 2019இல் 9 என்றார்கள். பேனாவை மாற்றவில்லை, மென்பொருளை மாற்றினார்கள். அதில் ஒரு பங்கு ஊகம். கை அடுத்து எங்கே போகும் என்று கணித்து முன்கூட்டியே கோட்டைப் போட்டுவிட்டு, தப்பானால் சத்தமில்லாமல் அழித்துவிடுவது. நேர்கோட்டில் அருமையாக ஏமாற்றும். சட்டென்று திரும்பும் இடத்தில் உற்றுப் பாருங்கள், முனையில் ஒரு கணம் நாக்கு நீட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியும் இதே ரகம். பழைய பென் டிஸ்ப்ளேக்களில் சாய்ந்து பார்த்தால் நிப் ஓரிடம், கோடு ஓரிடம். இப்போது கண்ணாடியைத் திரையோடு ஒட்டிவிடுகிறார்கள். வாங்கும்போது "லேமினேட் பண்ணினதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

3 பிப்ரவரி

இஎம்ஆரை விட மற்ற பேனா மட்டமா என்ற சண்டைக்கு. மட்டம் இல்லை, பேரம். இஎம்ஆருக்குத் திரைக்குப் பின்னால் தனிப் பலகை வேண்டும். மின் சமிக்ஞையைத் தானே அனுப்பும் பேனா, ஏற்கெனவே இருக்கும் தொடுதிரையையே பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே கருவி மெலிதாகும். பதிலுக்குப் பேனாவில் பேட்டரி, சில கருவிகளில் சாய்கோட்டில் நெளிவு. மைக்ரோசாஃப்ட் தன் முதல் இரண்டு சர்ஃபேஸ் ப்ரோ கம்ப்யூட்டர்களில் வாக்கம் பேனா வைத்து, 2014இல் மூன்றாவதில் இஸ்ரேலின் என்-ட்ரிக் கம்பெனிப் பேனாவுக்கு மாறி, அடுத்த ஆண்டு அந்தத் தொழில்நுட்பத்தையே வாங்கிக்கொண்டது. ஓவியர்கள் அப்போது போட்ட சத்தம் கொஞ்சநஞ்சம் இல்லை. சாம்சங் 2011 முதல் நோட் போனுக்குள் இஎம்ஆரைத் திணித்துக் காட்டியது. இரண்டும் வாழ்கின்றன.

16 பிப்ரவரி

இனி, ஏஐ வந்த பிறகு பேனா தண்டம் என்று சொன்ன நண்பருக்கு. இவ்வளவு நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம், பேனா செத்தது என்ற அறிவிப்பைப் பல தடவை பார்த்துவிட்டேன். 2001இல் பில் கேட்ஸ், ஐந்து ஆண்டில் டேப்லெட் பிசிதான் அதிகம் விற்கும் என்றார். நடக்கவில்லை, பேனா செத்தது என்றார்கள். 2007இல் ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டைலஸ், அதாவது தொடுதிரைப் பேனா, யாருக்கு வேண்டும் என்று மேடையில் கேட்டார். கூட்டம் கைதட்டியது. 2015இல் அதே கம்பெனி 99 டாலருக்குப் பென்சில் விற்றது. (ஜாப்ஸ் சொன்னது விரல் போதும் என்ற போனைப் பற்றி, வரைவதைப் பற்றி இல்லை என்பார்கள். நியாயம்தான். ஆனாலும் கைதட்டியவர்கள் இரண்டுக்கும் தட்டினார்கள்.)

ஏஐ விஷயம் இதிலிருந்து கொஞ்சம் வேறு, அதை மறுக்க மாட்டேன். ஸ்டாக் படம், விளம்பரத் துணுக்கு, அட்டை நிரப்பும் படம் போன்ற வேலைகள் என்னைச் சுற்றியே குறைந்திருக்கின்றன. அது பேனா வாங்கும் காசு எங்கிருந்து வரும் என்ற கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை, இருக்கிற மாதிரி நடிக்கவும் போவதில்லை.

ஆனால் கருவி என்ற அளவில் பேனாவின் தேவை கூடும் என்றே நினைக்கிறேன். "இடது கை இன்னும் கொஞ்சம் மேலே, தோள் சாயாமல்" என்று வாக்கியத்தில் மன்றாடுவதை விட ஒரு கோடு இழுப்பது வேகம். 2024இல் ஐபேடில் கையால் எழுதிய கணக்குக்குச் சமக்குறி போட்டதும் விடை வருவதும், கிறுக்கலைச் சுற்றி வளைத்தால் படமாவதும் வந்தன. புதுமை என்று குதித்தார்கள். ராண்ட் பலகையிலேயே அறுபதுகளின் கடைசியில் கிரெய்ல் என்ற ஏற்பாடு இருந்தது. கோணலாகப் பெட்டி வரைந்தால் நேரான பெட்டியாக்கும், உள்ளே எழுதினால் அச்செழுத்தாக்கும். ஐம்பது சொச்சம் ஆண்டுகள் விலைக்காகக் காத்திருந்த யோசனை.

நான் ஆர்வமாகப் பார்ப்பது இ-பேப்பர், அதாவது காகிதம் போலத் தெரியும் திரை, பக்கம். 2017இல் நார்வேயின் ரிமார்க்கபிள், 2022இல் கிண்டில் ஸ்க்ரைப். மெதுவான திரை, ஆனால் சொரசொரப்பும் கண்ணுக்குக் குளிர்ச்சியும் உண்டு. நிறமும் வேகமும் ஓரளவு தேறினால், ஸ்டோரிபோர்டு வேலைக்கு நான் முதல் ஆள்.

ஓடாமல் போன வழி ஒன்று மட்டும் மனசில் நிற்கிறது. ஸ்வீடனின் அனோட்டோ, பலகையையே ஒழித்துவிட்டுக் காகிதத்தில் 0.3 மி.மீ. இடைவெளியில் நுண்புள்ளிகள் அச்சடித்தது. ஒவ்வொரு புள்ளியும் நாலு திசையில் ஒன்றில் லேசாக விலகி நிற்கும். ஆறுக்கு ஆறு புள்ளிகளைப் பேனாவில் உள்ள கேமரா பார்த்தால் போதும், எந்தத் தாளில் எந்த இடம் என்று தெரிந்துவிடும். ஐரோப்பாவும் ஆசியாவும் சேர்ந்த பரப்பை மூடினாலும் ஓரிடம் போல் இன்னோரிடம் வராது என்றார்கள். கணக்கு அழகு. ஆனால் சிறப்புத் தாள் வாங்க வேண்டும் என்ற இடத்தில் ஜனங்கள் கழன்றுகொண்டார்கள்.

1 மார்ச்

சீரியல் போர்ட் வைத்த பழைய வாக்கம் ஆர்ட்பேடு ஒன்றைக் குப்பைக்கடையிலிருந்து எடுத்து வந்திருக்கிறாராம் ஒருவர். விண்டோஸ் 11இல் ஓடுமா என்கிறார். அந்தப் பக்கம் டிரைவர் கிடையாது. லினக்ஸில் முயலலாம். கர்னலில் பழைய சீரியல் வாக்கத்துக்கு டிரைவர் இருக்கிறது, இன்புட்அட்டாச் கட்டளையில் வாக்கம்_ஐவி என்ற தேர்வைக் கொடுத்து இணைக்க வேண்டும். சீரியலிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் உருப்படியானதாக இருக்கட்டும். அந்த வயதுப் பலகைக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் அடாப்டரும் தேவைப்படலாம். வோல்டேஜை அடியில் உள்ள லேபிளில் படித்துவிட்டுச் செருகுங்கள். பேனா கூடவே வந்ததா? பேனா இல்லாமல் வந்திருந்தால் முதலில் அதைத் தேடுங்கள், இன்றைய பேனாக்கள் அதோடு பேசாது.